லீவில் பதினொரு மணிக்கு எழுகிற பிள்ளை சோம்பேறியா?

கேள்வி: டிசம்பர் 21, காலை 10.50

என் மகனுக்கு 15 வயது. கிறிஸ்துமஸ் லீவு தொடங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. பதினொரு மணிக்கு முன்னால் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. இரவு ஒன்றரைக்கும் அவன் அறையில் வெளிச்சம் தெரிகிறது. எழுந்ததும் கையில் போன். அவன் வயதில் நான் லீவு நாளில் விடியும் முன்பே வெளியே ஓடிவிடுவேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று நான் நினைப்பது தவறா? அந்த வயதில் இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

டிசம்பர் 21, பகல் 12.20

எனக்கு 17. இன்று நான் எழுந்தது 11.05க்கு. அதனால் என்னையே கேட்டதுபோல் இருக்கிறது, அங்கிள்.

சோம்பேறி என்று சொல்லாதீர்கள். பருவ வயது வந்ததும் உடம்புக்குள் இருக்கிற கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. இருட்டியதும் மூளையில் சுரக்கிற மெலடோனின்தான் உடம்புக்கு ‘இரவாகிவிட்டது’ என்று சொல்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அது சீக்கிரம் சுரக்கும், எங்கள் வயதில் தாமதமாகச் சுரக்கும். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் 1990களிலேயே இதைக் காட்டியிருக்கிறார். ஜெர்மனியில் டில் ரோனபெர்க் குழு 2004இல் வெளியிட்டதைப் பார்த்தால், இந்தத் தள்ளிப்போதல் 20 வயது வாக்கில் உச்சத்துக்குப் போய், அப்புறம்தான் திரும்ப ஆரம்பிக்கிறது. பெண்களுக்குக் கொஞ்சம் முன்னால், ஆண்களுக்குக் கொஞ்சம் பின்னால். உங்கள் மகனுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது.

பள்ளி நாட்களில் நான் 5.45க்கு எழ வேண்டும். எவ்வளவு முயன்றாலும் 11.45க்கு முன் தூக்கம் வராது. ஆறு மணி நேரம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் சொன்னது. ஒரு பருவம் முழுக்க நாளுக்கு இரண்டு மணி நேரம் குறைத்துத் தூங்கியவளுக்கு லீவின் முதல் இரண்டு நாள் அந்தக் கடனை அடைக்கவே போதாது. உங்கள் மகனும் அதைத்தான் செய்கிறான். விடுங்கள், தூங்கட்டும்.

டிசம்பர் 21, மாலை 6.40

விட்டுப்போன ஒன்று. எழுகிற நேரத்தைத் தள்ளி வைத்தால் பிள்ளைகள் இன்னும் நேரம் கழித்துத்தான் படுப்பார்கள், கூடுதலாகத் தூங்கமாட்டார்கள் என்று அப்பா எப்போதும் வாதாடுவார். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் மேல்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7.50இலிருந்து 8.45ஆக மாற்றினார்கள். மாணவர்களின் கையில் கட்டிய கருவியை வைத்து அளந்ததில், ஒரு நாளைக்கு 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியது தெரிந்தது. கலிஃபோர்னியாவில் 8.30க்கு முன் மேல்நிலைப் பள்ளியைத் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டு, 2022இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

அப்பாவிடம் இன்று சாயங்காலம் இதைச் சொன்னேன். “34 நிமிடம்தானே?” என்றார். அந்த 34 நிமிடம் எவ்வளவு பெரியது என்பது காலையில் எழுப்பப்படுகிறவருக்குத்தான் தெரியும்.

டிசம்பர் 22, இரவு 1.35

தூக்கம் வரவில்லை. வெளியே ஒரு சத்தம் இல்லை.

பூமியின் வட பாதியில் டிசம்பர் 21 அல்லது 22தான் வருடத்திலேயே மிகக் குறுகிய பகல். அதற்கு அப்புறம் பகல் நீள ஆரம்பிக்கிறது. ஆனால் சூரியன் உதிக்கிற நேரம் உடனே முன்னால் வருவதில்லை. ஜனவரி பிறந்த பிறகும் சில நாள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாகிக்கொண்டே போகும். நீளுகிற நேரமெல்லாம் மாலைப் பக்கம் போய்ச் சேர்கிறது. ஆக இந்த லீவு முழுக்க சூரியனும் நாளுக்கு நாள் நேரம் கழித்துத்தான் எழுகிறது. காலையில் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 22, பகல் 3.10

அம்மாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

“அப்படி என்னதான் செய்கிறீர்கள் நாள் முழுக்க?” என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன். லீவு எங்களுக்குத்தான். அப்பா அம்மாவுக்கு 25ஆம் தேதி ஒரு நாள்தான். அதனால் காலை எட்டரைக்கு வீட்டில் மிஞ்சுவது நான், ஒன்பது வயதுத் தம்பி, பாட்டி. தம்பி லீவு நாளிலும் ஆறு மணிக்கு எழுந்துவிடுவான். பள்ளி நாளில் மூன்று முறை எழுப்ப வேண்டிய பையன் லீவில் எப்படித் தானாக எழுகிறான் என்பதுதான் எனக்குப் புரிவதில்லை. ஏழு மணிக்கு என் போர்வையை இழுப்பான். எட்டு மணிக்கு என் காதருகே நின்று “தூங்குறியா?” என்று கேட்பான். நான் பதில் சொல்லாவிட்டால் பாட்டியிடம் போய், “அக்கா தூங்குறா” என்று அறிவிப்பான்.

பதினொன்றுக்கு எழுந்ததும் முதல் ஒரு மணி நேரம் எதுவும் ஓடாது. கண் திறந்திருக்கும், தலை திறக்காது. நன்றாகத் தூங்கி எழுந்தவர்களுக்கும் இந்த மந்தம் கொஞ்ச நேரம் இருக்கும். அந்த நேரத்தில்தான் போனை எடுக்கிறேன். அப்போது படிக்கிற எதுவும் மனதில் நிற்பதில்லை. உங்கள் மகனும் எழுந்ததும் போனைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதனால்தான் என்று நினைக்கிறேன். எதையோ தேடிப் பார்க்கிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், விழித்துக்கொண்டிருக்கிறான்.

அப்புறம் தம்பிக்கும் எனக்கும் சண்டை, அப்புறம் சமாதானம். துணி காய்ந்ததா என்று பார்ப்பது, வாசல் மணி அடித்தால் திறப்பது, பாட்டியின் கண்ணாடியைத் தேடிக் கொடுப்பது. வீட்டுப்பாடத்தை எடுத்து மேசையில் வைப்பது. மேசையில் வைத்த பிறகு அதையே பார்த்துக்கொண்டிருப்பது. மாலை ஐந்து மணிக்குத்தான் எனக்குச் சுறுசுறுப்பு வருகிறது. எட்டு மணிக்கு வீடு நிறைந்துவிடும். பத்தரைக்கு எல்லோரும் படுக்கப் போய்விடுவார்கள். என் நாள் அங்கேதான் தொடங்குகிறது.

டிசம்பர் 23, இரவு 8.05

“போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் பத்து மணிக்குத் தூங்கிவிடுவார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் முதலில் திரையின் வெளிச்சத்தையே எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்லத்தான் வந்தேன். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு பேரை ஐந்து இரவுகள், படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் புத்தகம் படிக்கவைத்தார்கள். இன்னொரு ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகம். திரையில் படித்தவர்களுக்கு மெலடோனின் சுரக்கும் நேரம் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. அது பெரிய விஷயம்தான். ஆனால் அவர்கள் கூடுதலாக எடுத்துக்கொண்ட நேரம், கண்ணை மூடித் தூங்கும் வரை, சுமார் பத்து நிமிடம்.

பத்து நிமிடம்! நான் இழக்கிறது இரண்டு மூன்று மணி நேரம். மிச்சத்துக்கு வெளிச்சம் மட்டும் பொறுப்பில்லை.

மிச்சத்துக்கு என்ன காரணம் என்று இன்று முழுக்க யோசித்தேன். பகலில் என் பெயரை ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை கூப்பிடுகிறார்கள் என்று நேற்று எண்ணினேன். மாலை ஐந்திலிருந்து ஆறுக்குள் பதினான்கு முறை. தம்பி ஒன்பது, பாட்டி மூன்று, போனில் அம்மா இரண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எல்லோரும் வேண்டியவர்கள், வேண்டியதற்குத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் இரவு பதினொன்றுக்கு மேல் என் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. அந்த நேரம் எனக்கு மட்டுமே சொந்தம். அதை விட்டுவிட்டுக் கண்ணை மூட மனது வருவதில்லை. போன் கையில் இல்லாவிட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பேன்.

அங்கிள், உங்கள் மகனுக்குப் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் இருக்க முடிகிறதா? இரவில்தான் அது கிடைக்கிறது என்றால் அவன் இரவில்தான் எடுத்துக்கொள்வான்.

டிசம்பர் 24, அதிகாலை 4.45

இதை இப்போதே எழுதிவிட வேண்டும்.

2.50 வரை விழித்திருந்தேன். அப்புறம் படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. நான்கு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் சின்ன விளக்கு எரிந்தது. பாட்டி தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் பயந்தே போனேன்.

“என்னம்மா, இன்னைக்கு இவ்வளவு சீக்கிரம் எழுந்துட்டே?” என்றார்.

“இன்னும் தூங்கவே இல்ல பாட்டி.”

திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நானும் உட்கார்ந்து மடித்தேன். அவருக்குப் பல வருடமாக மூன்றரைக்கு மேல் தூக்கம் கிடையாதாம். விளக்கைப் போட்டால் எல்லோரும் எழுந்துவிடுவார்களே என்று இருட்டிலேயே படுத்திருப்பாராம். லீவு நாளில்தான் பிள்ளைகள் காலையில் அவசரமாக ஓட வேண்டியதில்லை, கொஞ்சம் சத்தம் கேட்டால் பரவாயில்லை என்று எழுந்து வருவாராம். பதினேழு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது.

வயதாக ஆக உடம்பின் கடிகாரம் முன்னால் நகர்கிறது. என்னுடையது பின்னால், அவருடையது முன்னால். எனக்கு இரவு முடிகிற இடத்தில் அவருக்குக் காலை தொடங்குகிறது.

தான்சானியாவில் ஹட்ஸா என்ற வேட்டைச் சமூகம் இருக்கிறது. டேவிட் சாம்சன் என்ற மானிடவியலாளரின் குழு அங்கே 33 பெரியவர்களின் தூக்கத்தை 20 நாள் அளந்து 2017இல் வெளியிட்டது. அத்தனை இரவுகளிலும் 33 பேரும் ஒரே நேரத்தில் ஆழ்ந்து தூங்கியது மொத்தமே 18 நிமிடம். மற்ற எல்லா நேரத்திலும் யாராவது ஒருவர் விழித்தோ, லேசான தூக்கத்திலோ இருந்திருக்கிறார்கள். வயதுக்கு வயது தூங்கும் நேரம் மாறுவதால், யாரும் காவல் முறை போடாமலே கூட்டத்துக்குக் காவல் கிடைத்துவிடுகிறது என்பது அவர்கள் கருத்து.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். “அப்போ நீ மூணு மணி வரைக்கும் பாத்துக்கோ, மூணரைக்கு மேல நான் பாத்துக்கறேன்” என்றார். நடுவில் அரை மணி நேரம் திருடன் வரலாம் என்றேன். ரொம்ப நேரம் சத்தமில்லாமல் சிரித்தோம்.

டிசம்பர் 25, மாலை 4.30

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

நேற்று இரவு நள்ளிரவு ஆராதனை முடிந்து வீடு வந்து சேர ஒன்றரை. வருடத்தில் ஓரிரு இரவுதான் வீடு முழுக்க என் நேரத்துக்கு விழித்திருக்கிறது. அப்பா கொட்டாவி விடுகிறார், அம்மா செருப்பைத் தேடுகிறார், தம்பி நின்றுகொண்டே தூங்குகிறான், எனக்கு மட்டும் தெம்பு குறையவே இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு வந்தது நான்தான்.

டிசம்பர் 26, இரவு 11.50

இன்றைய நாள் பிடிக்கவில்லை. 25க்காக ஒரு மாதம் காத்திருந்தோம். அது முடிந்ததும் வீடு பழைய வீடாகிவிட்டது. அப்பா அம்மா வேலைக்குப் போய்விட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. என் நெருங்கிய தோழிக்கு 22ஆம் தேதியிலிருந்து நான்கு செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. பள்ளியில் தினமும் ஏழு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள். லீவு விட்டால் அந்த ஏழு மணி நேரமும் போய்விடுகிறது. லீவை நினைத்துச் சந்தோஷப்படும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வருவதில்லை. குழுவில் இருநூறு செய்திகள் கிடக்கின்றன, யாரும் யாரிடமும் பேசவில்லை. எல்லாம் படங்களும் வாழ்த்துகளும்.

உலகத்தின் முதல் குறுஞ்செய்தியே கிறிஸ்துமஸ் வாழ்த்துதான். 1992 டிசம்பர் 3 அன்று, நீல் பாப்வொர்த் என்ற 22 வயதுப் பொறியாளர் கணினியிலிருந்து ரிச்சர்ட் ஜார்விஸ் என்பவரின் கைபேசிக்கு அனுப்பினார். ஜார்விஸ் பதில் அனுப்பவில்லை. அப்போதைய கைபேசியில் அதற்கு வழி இல்லை. அந்தக் காலத்தில் பதில் வராவிட்டால் யாருக்கும் மனது வலித்திருக்காது.

டிசம்பர் 27, பகல் 2.15

நேற்று எழுதி முடித்த பிறகும் மூன்றரை வரை விழித்திருந்தேன். இன்று எழுந்தது 12.40. தலைவலி. தம்பி தனியாக விளையாடி, தனியாகவே தோற்று, அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலையில் மூன்று முறை எழுப்பினானாம். எனக்கு நினைவே இல்லை.

அதனால் 21ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். ‘விடுங்கள், தூங்கட்டும்’ என்று அப்படியே சொன்னது சரியில்லை. கடனை அடைப்பது முதல் மூன்று நாலு நாளில் முடிந்துவிட்டது. 24க்குப் பிறகு நான் கூடுதலாக ஒன்றும் தூங்கவில்லை. அதே ஒன்பது மணி நேரத்தைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன். இரவு எனக்குக் கிடைத்தது உண்மை, அதற்குப் பதிலாகக் காலை முழுக்கப் போனதும் உண்மை. பன்னிரண்டரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத்தில் இருட்டிவிடுகிறது.

ஏன் இவ்வளவு எளிதாகப் பின்னால் வழுக்குகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. மனிதரின் உள் கடிகாரம் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. ஹார்வர்டில் சார்லஸ் சைஸ்லர் குழு 1999இல் அளந்தபோது சராசரியாக 24 மணி 11 நிமிடம் வந்தது. பிடித்து நிறுத்த எதுவும் இல்லாவிட்டால் அது தினமும் கொஞ்சம் பின்னால் நகரும். பள்ளி நாளில் மணி அடித்துப் பிடித்து நிறுத்துகிறார்கள். லீவில் காலை வெளிச்சம்தான் அதைச் செய்ய வேண்டும். நான் அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதே இல்லை.

வேலை நாளுக்கும் லீவு நாளுக்கும் தூங்கும் நேரத்தில் வருகிற இந்த இடைவெளிக்கு ரோனபெர்க்கும் அவருடைய சகாக்களும் 2006இல் ஒரு பெயர் வைத்தார்கள்: சமூக ஜெட்லாக். விமானம் ஏறாமலே வேறொரு நாட்டு நேரத்துக்குப் போய்விடுவது. என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பள்ளி நாளில் தூக்கத்தின் நடுப்புள்ளி 2.45. இன்று எட்டு மணி சொச்சம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். ஜனவரி 3 அன்று பள்ளி. ஒரே இரவில் அவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டும்.

அங்கிள், சோம்பேறித்தனம் இல்லை என்று சொன்னதில் மாற்றம் இல்லை. அதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

டிசம்பர் 27, இரவு 7.20

தோழி பதில் அனுப்பிவிட்டாள். போன் அவள் அம்மாவிடம் இருந்திருக்கிறது. பெரியம்மா வீட்டுப் பிள்ளைகள் வந்ததால் ஐந்து நாளும் போனைத் தரவில்லையாம். கோபமாக இருக்கிறாள் என்று நானே முடிவு கட்டி நேற்று இரவு முழுக்க விழித்திருந்தேன். அவளோ, ‘செம்மையா தூங்கினேன்டி’ என்கிறாள்.

டிசம்பர் 28, இரவு 10.10

இன்று சாயங்காலம் ஆறரைக்கு மின்சாரம் போய் ஒன்பது மணிக்குத்தான் வந்தது. என் போனிலும் சார்ஜ் இல்லை. மெழுகுவர்த்தி ஏற்றினோம். தம்பி, “எரியறது திரியா, மெழுகா?” என்று கேட்டான்.

எனக்கு ஃபாரடே நினைவுக்கு வந்தார். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இளையவர்களுக்காக அறிவியல் சொற்பொழிவு வைக்கும் வழக்கம் 1825இல் தொடங்கியது. போர்க்காலத்தில் 1939 முதல் 1942 வரை நின்றதைத் தவிர இன்றுவரை தொடர்கிறது. மைக்கேல் ஃபாரடே மட்டும் 19 தடவை நடத்தினார். மெழுகுவர்த்தி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவு பேசினார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாமல் புத்தகம் தைக்கும் கடையில் வேலை பார்த்து வளர்ந்தவர், லீவில் வந்த பிள்ளைகளுக்கு மெழுகைக் காட்டி வேதியியல் சொன்னார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அவர் செய்துகாட்டிய ஒன்றை நாங்களும் செய்தோம். மெழுகுவர்த்தியை மெல்ல ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும். எரிகிற தீக்குச்சியைத் திரியில் வைக்காமல் அந்தப் புகையில் காட்டினால், தீ புகை வழியாகத் தாவி இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகை மெழுகின் ஆவி. எரிவது அதுதான். தம்பி பதினோரு முறை செய்யச் சொன்னான், பாட்டி பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீருடன் உட்கார்ந்திருந்தார்.

இப்போது மணி பத்தே பத்து. எனக்குக் கண் சொக்குகிறது. இந்த லீவில் முதல் தடவை.

டிசம்பர் 29, காலை 9.50

10.40க்குத் தூங்கியிருக்கிறேன். இன்று எழுந்தது 8.45.

ஒரு நாளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நேற்று முந்தைய இரவுகளின் அலுப்பும் சேர்ந்திருக்கும். ஆனால் 2013இல் கென்னத் ரைட் என்ற தூக்க ஆய்வாளரின் குழு செய்த ஒன்று நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் எட்டுப் பேரை ஒரு வாரம் கூடாரத்தில் தங்கவைத்தார்கள். டார்ச் இல்லை, போன் இல்லை. சூரிய வெளிச்சமும் இரவில் விறகுத் தீயும் மட்டும். ஒரு வாரத்தில் அவர்களுக்கு மெலடோனின் சுரக்கும் நேரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது.

அதில் நான் கவனிக்காத விஷயம் பகல். இரவு வெளிச்சத்தைக் குறைப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம், நானும் 23ஆம் தேதி அதைப் பற்றித்தான் எழுதினேன். அறைக்குள் இருக்கும் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெளியே, மேகம் மூடிய நாளில்கூட ஆயிரக்கணக்கில். நல்ல வெயிலில் ஒரு லட்சம் வரை. கண்ணுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை, உடம்பின் கடிகாரத்துக்குத் தெரிகிறது. கடந்த எட்டு நாளில் நான் காலையில் வெளியே நின்ற நேரம் பூஜ்யம்.

பாட்டியிடம் கேட்டேன், நாளையிலிருந்து காலையில் என்னோடு நடக்க வருகிறீர்களா என்று. “நான் அஞ்சு மணிக்கே தயார்” என்றார். ஒன்பதரைக்கு என்று பேசி முடித்தோம். தினமும் அரை மணி நேரம் முன்னால் கொண்டுவருவதாக ஏற்பாடு.

டிசம்பர் 30, மாலை 6.15

நடந்தோம். நாற்பது நிமிடம். பாட்டி என்னைவிட வேகமாக நடக்கிறார்.

வீட்டுப்பாடம் பற்றி யாரோ கேட்டிருந்தார்கள். லீவின் முதல் நாள் ஓர் அட்டவணை போட்டேன்: தினமும் ஒன்றரை மணி நேரம், 27ஆம் தேதிக்குள் எல்லாம் முடிந்துவிடும். இதுவரை முடித்தது மூன்றில் ஒரு பங்கு. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே தவறாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னதே 49 நாள்தான். பத்தில் மூன்று பேர்தான் சொன்ன நாளில் முடித்தார்கள்.

முன்பு எப்படி ஆனது என்பதை வைத்துக் கணக்குப் போட வேண்டும், இந்த முறை எப்படி ஆக வேண்டும் என்ற ஆசையை வைத்துப் போடக் கூடாது. போன லீவில் எனக்கு ஒரு பாடத்துக்கு ஒன்றரை நாள் ஆனது. மீதி இருப்பது மூன்று பாடம், மூன்று நாள். அதனால் ஒரு பாடத்தை விட்டுவிடுகிறேன். ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். மூன்றையும் அரைகுறையாகக் கொடுப்பதைவிட அது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாகவும் இருக்கலாம்.

ஜனவரி 1, பகல் 11.30

புத்தாண்டு வாழ்த்துகள். இரவு ஒரு மணி வரை எல்லோரும் விழித்திருந்தோம், எழுந்தது 10.30. நடக்கப் போகவில்லை. பாட்டி தனியாகப் போய் வந்திருக்கிறார்.

ஜனவரி 2, இரவு 8.40

அங்கிள், உங்கள் பதிலைப் பார்த்தேன். மகனைப் பகலில் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் விட்டதாகவும், அவன் அந்த நேரத்தில் வெறுமனே படுத்திருந்ததாகவும், இரவு மட்டும் அதே ஒன்றரை மணிதான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மூன்று நாளில் மாறாது. ஆனால் நேற்று அவனே கூடத்துக்கு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான் என்று கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.

என் கணக்கு இது. டிசம்பர் 30 அன்று 9.10, 31 அன்று 8.40, நேற்று 10.30, இன்று 7.50. நாளை 5.45க்கு எழ வேண்டும். இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி. லீவின் கடைசி நான்கு நாளைக்குப் பதிலாக ஒரு வாரம் முன்பே தொடங்கியிருந்தால் சேர்ந்திருக்கும். வீட்டுப்பாடத்தில் இரண்டு பாடம் முடிந்தது.

சாயங்காலம் தோழி பேசினாள். அவளும் நேற்று மூன்று மணி வரை விழித்திருந்தாளாம். நாளை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி வழியப் போகிறோம்.

நான்கு மணிக்குப் பாட்டியோடு துணி மடிக்க இனி அடுத்த லீவு வரை முடியாது. அது மட்டும் வருத்தம். பாட்டியிடம் சொன்னேன். “அலாரம் வேண்டாம், நானே எழுப்பறேன்” என்றார்.

ஜனவரி 3, காலை 4.50

பாட்டி நாலரைக்கே எழுப்பிவிட்டார்.